ஒரு வாரம் தள்ளிக் கொடுத்திருக்கலாம்

காலை எட்டு ஐம்பது, ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் மாடிப்படியில் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ. கறுப்பு நிறம். இடது ஷூவின் முனை புதிதாகத் தேய்ந்து வெளுத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது படியில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, முகவாயில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையில் ரத்தம்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் அங்கே ரிசப்ஷனில் இருக்கிறேன். பொன்னேரியிலிருந்து தினமும் ரயில். ஞாயிறும் உண்டு. பற்களுக்குக் கம்பி போடும் டாக்டரம்மா சென்னையிலிருந்து அன்று மட்டும்தான் வருவார். அவர் வருவதற்குள் கதவைத் திறந்து, தரையைத் துடைக்கச் சொல்லி, பெயர்களை வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். அன்றும் அதற்காகத்தான் வந்திருந்தேன். முந்தைய ஆறு நாள் அலுப்பு உடம்பில் அப்படியே இருந்தது.

அவள் எங்களிடம் கம்பி போட்டிருக்கும் பெண்தான். ஆனால் கூட யாரும் இல்லை.

"என்ன ஆச்சு? அம்மா எங்கே?" என்று கேட்டேன்.

அவள் கைக்குட்டையை எடுத்தாள். முகவாயில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் பெயர்ந்திருந்தது. வாயைத் திறந்து, மேல் வரிசையில் ஒரு விரலை ஓட்டிக் காட்டினாள். "பிராக்கெட் ஒண்ணும் உடையலக்கா. உழுந்த ஒடனே பாத்துட்டேன். ஸ்டாரு போவாதுல்ல?"

ஸ்டார் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கம்பி சிகிச்சை ஒன்றரை வருடம், இரண்டு வருடம் இழுக்கும். முதல் மாதம் பிள்ளைகள் கண்ணாடி முன்னாலேயே நிற்பார்கள். நாலாவது மாதம் சலித்துவிடும். கம்பியை முறுக்கினால் மூன்று நாளைக்கு ரசம் சாதம்தான் இறங்கும். முறுக்கு கூடாது, கடலை மிட்டாய் கூடாது, கரும்பு கூடாது. ரப்பரைத் தினமும் மாட்ட வேண்டும், ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் பிரஷ் பிடிக்க வேண்டும். பெரியவர்களே செய்ய மாட்டார்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கு நாலு மாதம் முன்னால் டாக்டரம்மா ஒரு பலகை மாட்டச் சொன்னார். குறித்த நாளில் வந்தால் ஒரு ஸ்டார். பல் சுத்தமாக இருந்தால் ஒன்று. கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட் உடையாமல் இருந்தால் ஒன்று. பதினைந்து சேர்ந்தால் பேட்மிண்டன் மட்டை.

கொடுப்பது டாக்டரம்மாவின் யோசனை. எடுப்பது என்னுடையது. தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் எல்லா ஸ்டாரும் அழிக்கப்படும் என்று நான்தான் கடைசி வரியாக எழுதினேன். வராமல் போகிறவர்களால் மற்றவர்களின் நேரம் கெடுகிறது, ஒரு பயம் இருக்கட்டும் என்று நினைத்தேன். நன்றாக வேலை செய்தது. டாக்டரம்மா பாராட்டவும் செய்தார்.

அந்தப் பெண்ணிடம் ஒன்பது ஸ்டார் இருந்தது. பற்களை அவள் அளவுக்குச் சுத்தமாக வைத்திருந்தவர்கள் எங்களிடம் குறைவு. ஆனால் போன முறை வரவில்லை. இரண்டு வாரம் தள்ளி வேறு தேதி கொடுத்திருந்தேன். அதுதான் அன்றைய ஞாயிறு. வெள்ளிக்கிழமை அவள் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு நினைவூட்டல் அனுப்பினேன். 'இந்த முறையும் வராவிட்டால் ஸ்டார்கள் அழிக்கப்படும்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தேன். அம்மாவின் போனில் அதைப் படித்தவள் மகள்.

உள்ளே உட்கார வைத்துக் காயத்தைத் துடைத்தபோது மீதியைச் சொன்னாள். அம்மா காலை ஐந்தேகாலுக்கே கம்பெனி பஸ் ஏறிவிட்டார். அப்பா லாரி ஓட்டுகிறார், அந்த வாரம் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் டியூஷன் என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு நடந்திருக்கிறாள். டிக்கெட் எடுத்தே வந்திருக்கிறாள், போக வர இரண்டுக்கும். கும்மிடிப்பூண்டியில் இறங்கி நடந்து வரும்போது ஒரு டிரெய்லர் லாரி ரிவர்ஸில் வந்திருக்கிறது. ஒதுங்கியபோது கால் தடுக்கி, ஜல்லியில் குப்புற விழுந்திருக்கிறாள். லாரி எவ்வளவு தூரத்தில் நின்றது என்று கேட்டேன். எழுந்து நின்று, என் மேஜையிலிருந்து தண்ணீர் கேன் வரைக்கும் கையால் காட்டினாள். நான்கு அடி இருக்கும்.

அம்மாவின் போனுக்கு ஏழு முறை அடித்தேன். எடுக்கவில்லை. "லாக்கர்ல இருக்கும்க்கா. லைனுக்குள்ள போனு எடுத்துக்கினு போவக் கூடாது" என்றாள்.

அதற்குள் நோயாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தன் மகனுடன் வந்திருந்த ஒருவர், தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர், கம்பெனிப் பெயரைக் கேட்டுக்கொண்டு கேட் செக்யூரிட்டிக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லி அனுப்பறாங்களாம். ஆனா லைன் லீடரு கையெழுத்துப் போட்டாதான் வெளிய உடுவாங்க. டாக்டரம்மா ஞாயித்துக்கெழம மட்டும் வர்றாங்க, சரி. எங்களுக்கு ஞாயித்துக்கெழம எப்ப வரும்னு அந்த ஷிஃப்ட் சார்ட்டுக்குத்தான் மேடம் தெரியும்."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா ஒரு மாதத்துக்கு முன்னால் போன் செய்தது நினைவுக்கு வந்தது. தேதியை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று ஆரம்பித்தார். "டாக்டர் ஞாயிறு மட்டும்தாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது என் முன்னால் ஐந்து பேர் நின்றிருந்தார்கள்.

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். காயத்துக்கு மருந்து வைத்தார். பெரியவர்கள் யாரும் வராமல் கம்பியில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் பலகைக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துகொண்டாள்.

பத்து நாற்பதுக்கு அம்மா வந்தார். நீலக் கோட்டு. தலையில் வலைத்தொப்பி, கழற்ற மறந்துபோயிருந்தது. ஷேர் ஆட்டோவில் இறங்கிப் படியேறிய மூச்சு அடங்கவில்லை. மகளின் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அடிக்கக் கையை ஓங்கினார். கை பாதியில் நின்று கீழே இறங்கியது.

"தனியா ரயிலு ஏறினு வர்றியா நீ? பெரிய கலெக்டரா? இன்னாடி அப்டி தலபோற அவசரம்?"

"ஸ்டார அழிச்சுடுவாங்கம்மா. மெசேஜ் வந்துச்சு."

"இன்னா ஸ்டாரு?"

மகள் பலகையைக் காட்டினாள். அந்த அம்மா போய் நின்று படித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். பிறகு என் மேஜைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க கம்பெனிலயும் இதான் மேடம்" என்றார். "மாசத்துல ஒரு நாளு கூட லீவு போடலன்னா அட்டெண்டன்ஸ் போனஸ். ஒரு நாளு போச்சுன்னா மொத்தமும் போச்சு. பாதி நாளுல கெளம்பி வந்தாலும் லீவுதான். இந்த மாசம் இருவத்திரண்டு நாளு ஓட்டிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். அது சரியான வார்த்தையாக அப்போதும் படவில்லை.

டாக்டரம்மா கம்பியை முறுக்கி முடித்ததும் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஸ்டிக்கர் தாள் என் கையில் இருந்தது. ஒட்டவும் கூச்சமாக இருந்தது, ஒட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அம்மாதான் சொன்னார். "ஒட்டுங்க மேடம். அதுக்குத்தான இம்மாந்தூரம் வந்துச்சு."

மூன்று ஸ்டார் ஒட்டினேன். வந்ததற்கு, சுத்தத்துக்கு, உடையாததற்கு. பிறகு பலகையின் கடைசி வரியைத் துணியால் துடைத்தேன். பெர்மனன்ட் மார்க்கர். போகவில்லை. ஸ்பிரிட் விட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது.

அடுத்த தேதி குறிக்க நோட்டைத் திறந்தபோதுதான், எட்டு மாதமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "உங்களுக்கு எந்த ஷிஃப்ட்?"

முதல் ஏழு மாதம் ஜெனரல் ஷிஃப்ட், ஞாயிறு லீவு. பிறகு வேறு லைனுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு வாரம் டே, அடுத்த வாரம் நைட். டே வாரத்தில் ஞாயிறும் வேலை. காலண்டரை வைத்து எண்ணிப் பார்த்தேன். நாலு வாரத்துக்கு ஒரு முறை என்று நான் குறித்த தேதி டே ஷிஃப்டில் விழுந்திருந்தது. அது தவறியதும் இரண்டு வாரம் தள்ளிக் கொடுத்த தேதியும் டே ஷிஃப்டிலேயே விழுந்திருந்தது. இரண்டு இரண்டு வாரமாக எத்தனை முறை தள்ளினாலும் அங்கேயேதான் விழும். ஒரே ஒரு வாரம் தள்ளிக் கொடுத்திருந்தால் போதும்.

எங்கள் நோட்டில் பெயர், வயது, போன் நம்பர், எந்தப் பல் என்று எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் ஷிஃப்டில் ஓடும் ஊரில் அதற்கு ஓர் இடம் போட எனக்குத் தோன்றவில்லை. ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு இழுத்தேன். இப்போது புதிதாக யார் வந்தாலும் பல்லைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன். வராத பிள்ளையைப் பார்த்து 'அக்கறை இல்லை' என்று சொல்ல அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு வயதில் வருவதும் வராததும் அவர்கள் கையிலா இருக்கிறது?

அடுத்த தேதியை ஐந்து வாரம் தள்ளிப் போட்டேன். அதன் பிறகு அந்தப் பெண் ஒரு முறைகூடத் தவறவில்லை. மேல் வரிசை அநேகமாக நேராகிவிட்டது. அம்மாவும் ஒவ்வொரு முறையும் கூடவே வருகிறார். நைட் ஷிஃப்ட் முடிந்து, வீட்டுக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு, ஒன்பதரை மணிக்கெல்லாம் வந்துவிடுகிறார். மகளை உள்ளே அழைத்ததும் பெஞ்சின் ஓரத்தில் சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்கிறார். நாற்பது நிமிடம் தூங்குகிறார்.