பாலோ பாதையில் ரப்பர் சப்பாத்து

குளுவாங்கிலிருந்து ரயிலில் பாலோ வந்து, அங்கிருந்து நடக்கிறேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம் இன்னும் அரை மைல். கணுக்கால்வரை சேறு. கால் விரலிடுக்கில் ஏறும் அட்டைகளைப் பிய்த்துப் பிய்த்துக் கை ஓய்ந்துவிட்டது.

போன மழையில் இதே பாதையில் ஒரு பிள்ளையைப் பாம்பு கடித்தது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும்போதே உயிரில்லை. அதற்குப் பிறகுதான் மாவுச் சாக்கைக் கெண்டைக்கால் உயரத்துக்குத் தைத்து, ரப்பர் பாலில் முக்கி, புகைக்கூடத்தில் காயவைத்து, இந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபது ஜோடிச் சப்பாத்து செய்து அனுப்பினேன். அவை எப்படி உழைக்கின்றன என்று பார்க்கத்தான் இந்த நடை.

பின்னால் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். அத்தனை பேரும் வெறுங்கால். சப்பாத்துகள் கையில் இருக்கின்றன, ஒரு பொட்டுச் சேறில்லாமல்.

முன்னால் வரும் சிறுமியை நிறுத்துகிறேன். “ஏம்மா, கால்ல போடலையா?”

“போட்டா சேறாயிடுங்கய்யா. பள்ளிக்கூடத்துல போய்ப் போட்டுக்குவோம்.”

“பாம்பு கடிச்சா?”

அவள் என் வலது கையைப் பார்க்கிறாள். “நீங்களும் கையிலதானே வெச்சிருக்கீங்க?”

போன மாதம் வாங்கிய தோல் சப்பாத்து. அதைக் கீழே வைத்து, சேற்றுக் காலை உள்ளே நுழைக்கிறேன்.

“அலமாக்!” என்று பதறுகிறாள். “புதுசு பாழாப்போச்சே, ஐயா!”