மலர் அக்காவின் வெள்ளைத் துணிகள்

வெள்ளிக்கிழமை மாலை போன் வரவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அழைத்தவர், முன்பு கும்மிடிப்பூண்டியில் என்னை ஏற்றிச்சென்ற ஷேர் ஆட்டோ பாஷா. "சார், கேம்ப்ல மலர் அக்கா பூட்டாங்க சார். நேத்தே எடுத்துட்டாங்கோ. இன்னா சார், உங்களுக்கு யாரும் சொல்லலியா?" யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமில் அவரோடு வாழ்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுனாமிக்கு முந்தைய வருடம், தொழிற்பேட்டையைச் சுற்றி நிலத்தடி நீர் கெடுவதைக் கவனிக்கும் சிறு குழுவில் நான் இருந்தேன். முகாம் ஓரத்துக் கிணற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது அக்கா தானாக முன்வந்தார். வெள்ளிதோறும் முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி நீர்மட்டம் பார்ப்பார். ஒரு குடம் நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, காயவைத்து, மூலையில் தேதி எழுதுவார். பிறகு காசு போடும் போனில் என்னை அழைத்து நிறத்தைச் சொல்வார்.

நான்கு மாதம் கழித்து அத்தனை துணிகளையும் அடுப்பில் போட்டுவிட்டார். பதறிப்போனேன். "துணியை முதல்ல அந்தக் கிணத்துத் தண்ணியிலதானே தோய்ச்சனான். வடிகட்ட முன்னமே மஞ்சள் ஏறியிருக்கும். பிழையெண்டு தெரிஞ்ச பிறகு வைச்சிருக்கப்படாது தம்பி" என்றார். லாரித் தண்ணீரில் துவைத்த துணிகளோடு புதிதாகத் தொடங்கினார். படித்த எனக்கு அது தோன்றவே இல்லை, வெட்கமாக இருந்தது.

ஓராண்டுத் துணிகளை இணைத்து ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். அகதியின் பெயர் இருந்தால் அவருக்குத்தான் தொல்லை வரும் என்று பயந்து, 'அளந்தவர்' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அவரிடம் கேட்கவில்லை. பார்வையிட வந்த அதிகாரி, "பொறுமையா செஞ்சிருக்கீங்க" என்று கிணற்றடியில் என் கையைக் குலுக்கினார். அக்கா கயிறும் கையுமாகப் பக்கத்தில் நின்றார். அதன் பிறகு முகாமுக்கு லாரித் தண்ணீர் கூடுதலாக வந்தது. அதைக் குடித்த உங்களில் பலருக்கு அது யாரால் வந்தது என்று தெரியாது.

அதிகாரி போனதும் அக்கா சொன்னார்: "நீர் பயந்தது சரி தம்பி. என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாம். இஞ்ச வந்ததில இருந்து என்ர பேர் செக்கிங் புத்தகத்தில மட்டும்தான் கிடக்கு." முகாமில் தலை எண்ணும் பதிவேட்டைத்தான் சொன்னார். அடுத்த மனுவில் சேர்ப்பதாகச் சொன்னேன். அடுத்த மனு எழுதப்படவே இல்லை. குழு கலைந்தது. நான் வேப்பம்பட்டில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

அவர் நிறுத்தவில்லை. வெள்ளிதோறும் போன் வந்தது. "இண்டைக்குத் தேத்தண்ணி நிறம். வேறொண்டுமில்லை, வைக்கிறன்." தனியாக இருப்பவன் நான். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் வீடு திரும்பினேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

சனிக்கிழமை போனபோது அவர் வாசலில் நின்ற பெண், "நீங்கள் ஆர்?" என்று கேட்டார்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த மனுவின் நகல் ஒன்றுதான். அதில் என் பெயரை அடித்துவிட்டு எழுதினேன்: அளந்தவர், சிவராசா மலர்விழி. அலுவலகக் கோப்பில் இன்னும் என் பெயர்தான் இருக்கிறது.