சத்தம் போடாத ஸ்விட்ச்

டிக் சாருக்கு அந்தப் பெயரை வைத்தது அவருடைய கம்பெனிக்காரர்கள். ஸ்விட்ச் செய்யும் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அங்கிருக்கும் ஸ்விட்சைப் போட்டு அணைத்துப் பார்ப்பார், பிறகுதான் உட்காருவார். நான் ஒயர்மேன். அந்தத் தெருவில் எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நாம இரண்டு பேரும் ஒரே தொழில்தானே சார் என்று நான் சொல்வேன். சிரிப்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல அதோடு சரி.

கல்யாணம் ஆகவில்லை. சொந்தம் என்று யாரும் வந்து போய் நான் பார்த்ததில்லை. ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். விருந்தாளிக்கு என்று இன்னொரு தம்ளராவது வாங்கி வைக்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். யார் வரப்போகிறார்கள் என்றார். அப்போது அவர் எதிரில் உட்கார்ந்திருந்த நான் யாராம்? சுருக்கென்று இருந்தது எனக்கு.

வீடுகள் ஒட்டுச் சுவர். பக்கத்து வீட்டில் மருந்துக்கடை அக்கா இருந்தார். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். நாள் முழுக்க நின்றபடி மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வருவார். அந்த வீடுகளைக் கட்டியவன் ஒரு கஞ்சப் பிசினாறி. ஒயர் மிச்சம் பிடிக்க, இரண்டு வீட்டு ஸ்விட்ச் பெட்டிகளையும் ஒரே சுவரில் முதுகோடு முதுகாகப் பதித்துவிட்டான். இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம் கேட்கும்.

அக்கா வந்து விளக்கைப் போட்டதும் இவர் தன் விளக்கைப் போடுவார். அதுவரை இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாராம். படுக்கும்போதும் அப்படித்தான், ஒருவர் அணைத்தால் மற்றவரும் அணைப்பார். நேரில் பார்த்துக்கொண்டால் இதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். தண்ணீர் வந்ததா, கேஸ் வந்ததா, அவ்வளவுதான் பேச்சு. சுவரைத் தட்டினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், ஸ்விட்ச் போடுவதை யார் என்ன சொல்ல முடியும்? இதையெல்லாம் சார் என்னிடம் சொன்னது ரொம்பப் பிற்பாடு. உலகத்தில் அவருக்கு இருந்த துணை அந்த ஒரு சத்தம்தான்.

அந்தச் சத்தத்தைத்தான் ஒழிக்கச் சொன்னது கம்பெனி. ஆஸ்பத்திரி வார்டுகளுக்குச் சத்தமில்லாத ஸ்விட்ச் வேண்டுமாம். கேட்பதற்கு லேசாக இருக்கும். ஸ்விட்சுக்குள் ஒரு ஸ்பிரிங் பட்டென்று தள்ளுவதால்தான் கரண்ட் போகும் முனைகள் சட்டென்று சேர்ந்து சட்டென்று பிரிகின்றன. மெதுவாகப் பிரிந்தால் நடுவில் பொறி பறந்து முனை கருகிப்போகும். ஆக, வேகம் குறையக் கூடாது, சத்தம் மட்டும் வரக் கூடாது. மனுஷர் இதிலேயே கிடந்தார். முனை போய் மோதாமல் உரசிக்கொண்டே உட்காரும்படி தகட்டை வளைத்தார். பொத்தான் வந்து விழும் இடத்தில் மெல்லிய ரப்பரை வார்ப்பிலேயே சேர்த்தார். பல மாதிரிகள் தீய்ந்துபோன பிறகு ஒன்று நின்றது. காப்புரிமைகூடக் கிடைத்தது. மேனேஜர் கைதட்டி, போட்டோ எடுத்து, முதல் சரக்கிலிருந்து ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

கண்டுபிடித்தாயிற்று. யாரிடம் காட்டுவது? சந்தோஷத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு ஒரே ஒரு கதவுதான் தெரியும். அதைத் தட்டவும் கூச்சம். ஆகவே என்னைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டில் மாட்டிக் கொடுத்துவிடச் சொன்னார். ஸ்விட்சைக் கண்டுபிடித்தவருக்கு ஸ்விட்ச் மாட்ட ஆள் வேண்டியிருக்கிறதா என்று கிண்டல் செய்துகொண்டே போனேன்.

அக்கா பெட்டியை வாங்கிப் படித்தார். 'பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முகம் சுண்டிப்போய்விட்டது. சார் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். அவர் எங்கே பேசுகிறார் என்றேன். கழற்றிய பழைய ஸ்விட்சை என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இவர் இருட்டில் காத்திருந்தார். சுவர் பேசவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. சில நாள் கழித்து வாசலில் பார்த்தபோது, "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது சார்" என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டே சொல்லியிருக்கிறார். இவர் மென்று முழுங்கிக்கொண்டு நின்றாராம். அதற்கப்புறம் அந்த வீட்டில் ரேடியோகூடக் கேட்கவில்லை. இவரைப் போன்றவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அந்த வருஷமே அக்கா தம்பி வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்தார். சாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கிளம்பும் நாள் காலையில் சாவியையும் பழைய ஸ்விட்சையும் என் கையில் கொடுத்தார். இதை மாட்டிவிட்டுப் புதியதைச் சாரிடம் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று நின்றவர் சொன்னார்: "நான் லைட் போட்டா அவரும் போடுவார்ப்பா. துணைக்குப் போடுறார்னு நினைச்சிட்டிருந்தேன். சத்தம் தாங்காம எந்திரிச்சிருக்கார், பாவம்."

இதை உடனே அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் கம்பெனிக்குப் போயிருந்தார். எனக்கும் வேறு வேலைகள் இருந்தன. இருட்டும் நேரத்தில்தான் அக்கா வீட்டைத் திறந்தேன். சாமான் எதுவும் இல்லை. பழைய ஸ்விட்சை மாட்டி, மெயினைப் போட்டுவிட்டு, சரியாக வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன்.

டிக்.

சுவருக்கு அந்தப் பக்கம் உடனே ஒரு டிக்.

கை தானாக அணைத்தது. அந்தப் பக்கமும் அணைந்தது. திரும்பப் போட்டேன், திரும்ப வந்தது. அதற்குமேல் அழுத்த எனக்குத் தைரியம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தேன். முகம் கழுவி, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார் டிக் சார். நிமிர்ந்து பார்க்காமல் தரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனார்.

"சத்தம் தொந்தரவுன்னு குடுக்கலைங்க. நான் பண்ணதுலயே நல்லது அதுதான், அதனால குடுத்தேன். உங்க சத்தம் கேக்காம வீட்ல இருக்கவே முடியலைங்க."

பிறகுதான் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். என் தோளுக்கு மேல் காலி அறையைப் பார்த்தார்.

"அக்கா காலையிலேயே கிளம்பிட்டாங்க சார். நம்பர் இருக்கு, போன் போடட்டுமா?"

"போட்டு என்னன்னு சொல்றது?" என்றார்.

கழற்றிய புது ஸ்விட்சை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். பழக்கதோஷம், காதோரம் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். திருப்பி அழுத்தினார். எதுவும் கேட்கவில்லை.

"நல்லா வேலை செய்யுது," என்றார்.