செகண்ட் வந்தவன்

திருப்பூரில் 'செகண்ட்' என்று சொன்னால் யாரும் கை கொடுக்க மாட்டார்கள். ஓட்டை, கறை, தையல் கோணல் என்று கம்பெனி ஒதுக்கித் தள்ளும் பனியனுக்கு இங்கே 'செகண்ட்ஸ்' என்று பெயர். மூட்டை கட்டிக் கிலோ கணக்கில் விற்பார்கள். கோல்ஃப் ஆட்டக்காரனாகி முதல்முறையாக ஒரு பெரிய போட்டியில் இரண்டாவதாக வந்தபோது, வடக்கே ஓர் ஊரிலிருந்து ஆசையாக வீட்டுக்குப் போன் போட்டேன். "செகண்ட் வந்துட்டேன் புள்ள" என்றேன். என் மனைவி வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். அவள், "எங்கீங்க டேமேஜு?" என்று கேட்டாள்.

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு போய்விட்டது, கேள்வி தங்கிவிட்டது.

நானும் பனியன் கம்பெனியில்தான் தொடங்கினேன். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல், கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்கப் போனேன். அங்கேயே ஆடக் கற்று அதையே பிழைப்பாக்கிக்கொண்டேன். குறைவாக அடித்தவன்தான் இதில் ஜெயிப்பான் என்று சொன்னால் எங்கள் பக்கம் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள். "கம்மியா அடிச்சவனுக்கு எவனுங்க கூலி குடுப்பான்?" என்பார் என் பங்காளி. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் வாழ்கிறவர் வேறு எப்படிக் கேட்பார்?

இத்தனை வருஷம் ஆடியதில் சில கோப்பைகள் உண்டு. ஆனால் முன்னணியில் இருந்துகொண்டு கோட்டைவிட்ட போட்டிகள்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என் விஷயத்தில் வாடிக்கை. ஜெயிக்கிறவன் பயமில்லாதவன் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பயம் வந்து சேர்வதற்குள் அடித்துவிட்டவன் ஜெயிக்கிறான், அவ்வளவுதான். எனக்குக் கொஞ்ச காலமாகப் பயம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

தூரத்து அடிகளில் ஒன்றும் ஆகாது. குழிக்குப் பக்கத்தில் பந்து கிடக்கும்போதுதான் வினை. குழந்தைகூட உருட்டிவிடும் தூரத்தில், வலது கை தானாக வெட்டி இழுக்கும். டாக்டரைப் பார்த்தேன், நரம்பில் கோளாறு இல்லை என்றார். "பதறாத காரியம் சிதறாது" என்றார்கள் நண்பர்கள். பதறாமல் இருப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் நான் வாயே திறக்கவில்லை. தோற்றால் காற்று என்பேன், வெயில் என்பேன். துணியில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடித்து ஒதுக்குகிறவளிடம் என்னையே கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

போன வருஷம், ஐம்பது தாண்டியவர்களுக்கான போட்டி ஒன்று நான் பை தூக்கிய அதே மைதானத்தில் நடந்தது. இதிலும் இந்தக் கை என் காலை வாரிவிட்டால் ஆட்டத்தை விட்டுவிடுவது என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். அதற்கென்றே வந்தவள்போல, "இந்தத் தடவ நானும் வர்றனுங்க" என்று லீவு போட்டுவிட்டாள் அவள். அதுவரை ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்காமல் தவித்தேன்.

கடைசிக் குழி. நான் ஓர் அடி முன்னிலை. பந்துக்கும் குழிக்கும் மூன்றடி தூரம் இருக்கும். விழுந்தால் கோப்பை. தவறினால், என்னோடு ஆடியவரோடு சமனாகி மறுபடி ஆட வேண்டும், அந்தக் கையோடு. குனிந்து மட்டையைப் பிடித்தேன். கை ஆரம்பித்துவிட்டது. நிமிர்ந்து விலகி நின்றேன்.

அப்போது கயிற்றுக்கு அப்பால் அவளைப் பார்த்தேன். சுற்றிலும் நின்றவர்கள் கைதட்டத் தயாராகிவிட்டார்கள். அவர்களுக்கு ஆட்டம் முடிந்த மாதிரிதான். அவள் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குப் பத்தடிக்கு மேல் எல்லாம் மசமசப்பு.

ஆட்டம் தெரியாதவளுக்கு இந்த மூன்றடியில் என்ன பயம்? என் கையைப் பற்றித் தெரிந்திருந்தால் ஒழிய? வெட்கமாக இருந்தது, கூடவே அழுகை வந்தது. திரும்பிப் போய், நடுங்கும் கையாலேயே அடித்தேன். பந்து குழியின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. கைதட்டல் கேட்ட பிறகுதான் அவள் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். "உழுந்துருச்சுங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாளாம்.

திரும்பும்போது கார் அவினாசியைத் தாண்டியது. கோப்பை பின்சீட்டில் எங்களுக்கு நடுவே இருந்தது. அதைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜெயிச்சும் நடுங்குதுங்களே" என்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எப்பவோ தெரியுமுங்க. சோறு பெசையறப்ப நடுங்காத கை, ஊட்டுல அந்தக் குச்சியச் சும்மா புடிச்சாலே நடுங்குது. பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"அடுத்த மாசம் மறுபடி ஆட்டம் இருக்கு. விட்டுரலாமான்னு பார்க்கறேன் புள்ள. இன்னொருக்கா செகண்ட் வந்தா தாங்காது."

அவள் என் காலரைக் கொஞ்சம் விலக்கி, உள்ளே போட்டிருந்த பனியனின் கழுத்தைத் தொட்டாள். அங்கே தையல் ஒரு விரற்கடை கோணலாக இருந்தது. எத்தனையோ நாள் போட்டிருக்கிறேன், கவனித்ததில்லை.

"இது எங்க கம்பெனி செகண்ட்ஸுங்க. நாந்தான் ஒதுக்குனேன், நாந்தான் ஊட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். நீங்க இத்தன வருசமா போடறது பூரா அதுதான்" என்றாள்.

கையை அவள் விடவில்லை. அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.