முன்சீட்டுப் பை

செத்த வண்டிகளை மட்டுமே பார்த்துப் பழகியவளுக்கு ஓடுகிற வண்டியைப் பற்றிப் பேச உரிமை உண்டா? வெடிக்காரியின் முகத்தில் ஆட்கள் இந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப எறிந்தார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த காயலான் கடையில் அவளுக்கு வேலை. விபத்தில் சிதைந்த கார்கள் அங்கே வந்து சேரும். சீட்டில் காய்ந்த ரத்தமும், கண்ணாடித் தூளும், சில சமயம் அடியில் ஒற்றைச் செருப்பும் இருக்கும். காரை அமுக்கி இரும்புக் கட்டியாக்குவதற்கு முன்னால், விரியாமல் மிச்சமிருக்கும் ஏர்பேக்கை வெடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அமுக்குகிற ஆளை அது தூக்கி அடித்துவிடும். அவள் பையின் இணைப்பில் நீள வயரை மாட்டுவாள், தள்ளி வந்து நிற்பாள், "விலகுங்க!" என்று கத்துவாள், வயரின் மறுமுனையைப் பேட்டரியில் தொடுவாள். டமார் என்று கடையே அதிரும்.

உள்ளே இருந்தவன் நெஞ்சு நொறுங்கிச் செத்தபோது அசையாமல் கிடந்த பை, அவள் தொட்டதும் சமர்த்தாக விரியும். "இப்ப வந்து யாரைக் காப்பாத்தப் போற, சனியனே!" என்று அதைத் திட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போவாள்.

கடையில் கார்களின் கம்பெனிப் பெயர்கள் புழங்குவதில்லை, எல்லாம் பட்டப்பெயர்தான். 'எருமை' எதில் மோதினாலும் முகம் கோணாது. அந்த அடி முழுவதும் உள்ளே இருப்பவன் கழுத்துக்குப் போய்விடும். 'தகரம்' அப்பளமாக நொறுங்கி வரும். ஆள் போயிருப்பான் என்று எல்லாரும் உச்சுக்கொட்டிக்கொண்டிருக்கும்போதே, அந்த ஆள் கையில் கட்டோடு வந்து தன் டிபன் பாக்ஸைத் தேடுவான். 'மகாராணி' பார்க்க அழகு, பிரேக்கும் நல்ல பிரேக். அதன் பையை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

கட்டர்காரருக்கு அடிபடும்வரை.

கேஸ் கட்டரால் இரும்பு அறுப்பவர் அவர். வெடிக்காரி என்று அவளுக்குப் பேர் வைத்ததும் அவர்தான். அன்றைக்கு எல்லாரும் வழக்கமாக நிற்கிற இடத்தில்தான் நின்றார். அவள் ஒரு மகாராணியை வெடித்தபோது, பைக்குக் காற்றைத் தருகிற இரும்புக் குப்பியே உடைந்து சிதறியது. ஒரு துண்டு பையைக் கிழித்து, ஜன்னல் வழியாகப் பாய்ந்து, அவர் கீழ்த்தாடையைப் பிய்த்துக்கொண்டு போனது. அதே பையின் துணியைத்தான் அவள் அவர் முகத்தில் அழுத்திப் பிடித்தாள். துணி தாங்கவில்லை; ரத்தம் அவள் முழங்கை வழியாகச் சொட்டியது. ஆள் பிழைத்து வேலைக்குக்கூட வந்துவிட்டார். பேச்சு மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு மகாராணிகளை அவள் எண்ணெய் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெடித்தாள். பல பைகள் ஒழுங்காக விரிந்தன. சில இரும்பைத் துப்பின. வெளியே பார்த்து எது துப்பும் என்று சொல்ல முடியவில்லை. கம்பெனி ஆள் ஒருத்தர் வந்து படம் எடுத்தார், "பழைய வண்டி, ஈரம் ஏறியிருக்கும், ஆராய்றோம்" என்றார், போனவர் போனவர்தான்.

அந்த வருஷம் பார்த்து அவள் தங்கை புருஷன் சல்லிசாக ஒரு பழைய மகாராணியை வாங்கினான். அவன் வீட்டுத் தரகன், வாய்தான் மூலதனம். கையும் நீட்டுவான். தங்கையின் உடம்பில் எங்காவது ஒரு நீலம் கன்றியிருக்கும். கேட்டால் கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள். அந்தச் சின்ன வீட்டில் அத்தனை கதவுகள்.

"மாப்ள, இதை வித்துடுங்க. என் தங்கச்சி முன்சீட்டுல உட்காரக் கூடாது."

"ஏன் அண்ணி, வயித்தெரிச்சலா?"

"இரும்பு துப்புது மாப்ள. கட்டர்காரர் வாயைப் பார்த்தீங்கல்ல?"

"உங்க கடைக்கு வர்றது பூரா பொணம். பொணத்தைப் பார்த்துக்கிட்டு உயிரோட இருக்கறவனுக்கு ஜோசியம் சொல்றீங்களே!" தரகன் சிரித்தான். "ரோட்டுல இத்தனை மகாராணி ஓடுது. ஒண்ணாவது உங்களைத் தேடி வந்து, 'அக்கா, நான் நல்லா இருக்கேன்'னு சொல்லுச்சா?"

சொன்னவன் அயோக்கியன் என்பதால் சொன்னது தப்பாகிவிடாது.

"சரி, பையை மட்டும் கழட்டிடறேன்."

"வண்டியில கை வெச்சா கையை உடைப்பேன்" என்றான். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் பேட்டரியும் வயருமாக அவள் அந்தத் தெருவுக்குப் போனாள். தரகன் குளித்துக்கொண்டிருந்தான்; கழட்ட அந்த நேரம் பத்தாது, வெடிக்கப் போதும். தங்கை ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினாள். வெடிக்காரி இரண்டு பக்கமும் வயர் மாட்டினாள், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி "விலகுங்க!" என்று கத்தினாள், ஸ்டீயரிங் பக்கத்து வயரைத் தொட்டாள்.

பை பளிச்சென்று விரிந்து, துவைத்துப் போட்ட தலையணை உறை மாதிரி தொங்கியது. ஒரு கீறல் இல்லை.

துண்டோடும் சோப்பு நுரையோடும் ஓடிவந்த தரகன், முதல் அறையிலேயே அவள் பல்லை உடைத்தான். மயிரைப் பிடித்துத் தலையை பானெட்டில் மோதினான். "எங்கடி இரும்பு? காட்டுடி!" குறுக்கே விழுந்த தங்கையின் வயிற்றில் உதைத்தான், அவள் சாக்கடை ஓரத்தில் சுருண்டாள். மாடிகளிலிருந்து "விட்டுடுப்பா, விட்டுடு" என்றார்கள். யாரும் இறங்கி வரவில்லை.

வெடிக்காரி ரத்தத்தைத் துப்பினாள். "இன்னொரு பக்கம் இருக்கு."

"இருக்கா?" அவன் கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். முகத்தை டேஷ்போர்டுக்கு நேராக நீட்டினான். "வயரை வை! உன் இரும்பு வருதான்னு நானும் பார்க்கறேன். வைடி!"

வயர் முனை அவள் கையில். பேட்டரி காலடியில். அவனே கேட்கிறான், தெருவே சாட்சி. யார் அவளைக் குற்றம் சொல்லப்போகிறார்கள்?

கீழே கிடந்த தங்கை குரலை உயர்த்தவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "வெச்சுடுக்கா."

வெடிக்காரி அவளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு, வேலை முடிந்த நாள்போல வயரை முழங்கையில் சுற்றத் தொடங்கினாள்.

"பயந்துட்டா பாருங்கய்யா!" என்று தெருவுக்குச் சொல்லிக்கொண்டே அவன் இறங்கினான். அவன் இறங்கின சீட்டில் அவள் ஏறி, ரெஞ்சை எடுத்து டேஷ்போர்டில் கை வைத்தாள். முதுகில் ஒரு மிதி விழுந்தது. அவள் அடுத்த நட்டுக்குப் போனாள். இன்னொரு மிதி. அதற்குள் எதிர்வீட்டுக்காரர் ஒருவழியாக இறங்கிவந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவள் பையைக் குப்பியோடு பெயர்த்தெடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். மறு கையால் தங்கையைத் தூக்கி நிறுத்தினாள்.

தங்கை அதற்குப் பிறகு அந்த வண்டியிலும் உட்காரவில்லை, அந்த வீட்டுக்கும் போகவில்லை. அக்கா வீட்டுச் சமையலறையில் ஒருநாள் கேட்டாள்: "ஏன்க்கா வைக்கல?"

"சாப்பாடு ஆறுது. சாப்பிடு."

அந்தப் பை கடையின் அலமாரியில் அப்படியே இருக்கிறது. வருகிற பையையெல்லாம் வெடிக்கிறவள் அதை மட்டும் வெடிக்கவில்லை. "வெடிச்சா தெரிஞ்சிடுமே, நீ சொன்னது சரியா தப்பான்னு" என்று முதலாளி சீண்டிப் பார்த்தார். கட்டர்காரரும் ஒருதடவை அவளைச் சைகையால் கூப்பிட்டு, அலமாரியைக் காட்டி, பேட்டரியைக் காட்டினார்.

அவள் அவர் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, வயரை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.