கோரைத் திட்டில் அக்காவும் நானும்

எங்கள் அக்காவைப் போல ஒரு துணிச்சல்காரியை ஜேடர்பாளையம் சுற்றுவட்டாரத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதை இந்த வயதிலும் நான் பெருமையாகத்தான் சொல்வேன்.

அப்போது அவளுக்குப் பதினாறு, எனக்குப் பதின்மூன்று. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆடி பிறப்பதற்கு முன் ஒரு காலையில், எருமையை ஓட்டிக்கொண்டு காவிரி நடுவே இருந்த கோரைத் திட்டுக்குப் போனோம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற தண்டோராவை ஊரே கேட்டது, எங்கள் இருவரைத் தவிர. மதியத்துக்குள் முழங்காலளவு ஓடை ஆளை இழுக்கும் ஆறாகிவிட்டது.

திட்டும் பாதி சேறாகிவிட்டது. பதறி ஓடிய நான் தொடைவரை புதைந்தேன்.

"காலை ஒதறாத சாமி! அப்புடியே மல்லாந்து படு!" என்று கத்தினாள் அக்கா. அரிவாளால் கோரையைக் கத்தை கத்தையாக அறுத்துப் போட்டு, அதன்மேல் தவழ்ந்து வந்து என்னை வெளியே இழுத்தாள். அந்தக் கோரைமேல்தான் இரண்டு இரவும் கிடந்தோம். கன்று முட்டாமல் ஒரு சொட்டும் தராத எருமை, மடி கனத்துப்போய் அக்காவுக்குச் சுரந்தது. அவள் பீய்ச்சினாள், நான் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். வகுப்பில் முதலாவதாக வருகிற தங்கச்சி செய்த உதவி அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. அக்கா என்னை எருமை முதுகில் குப்புறப் படுக்கவைத்து, தான் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நீந்திக் கரை சேர்ந்தாள். வெள்ளம் அடித்துப் போயிருக்கும் என்று எங்கள் பிணத்தைத் தேடிக்கொண்டிருந்த அப்பா, ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அப்பா வந்தார்.

"ரெண்டு ராத்திரி வயசுப்புள்ள வெளிய இருந்திருக்குதுங்க. நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிரட்டுங்க" என்றார்.

அப்பா நிச்சயத் தட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"தங்கச்சியையும் எருமையையும் உசுரோட கொண்டாந்து சேர்த்தவளுங்க அவ. எம்புள்ள சூடம் அணைக்க மாட்டாளுங்க. நீங்க போயிட்டு வாங்க."

எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. சூடம் அணைப்பது ஒரு நொடி வேலை. ஆற்றுக்கே பயப்படாதவள் அதற்கா பயப்படுவாள்? கல்யாணத்தைக் கெடுத்துவிட்டாரே என்று அன்று நான் சாப்பிடவில்லை. அக்காவோ அடுப்படியில் அம்மாவிடம் இன்னொரு உருண்டை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் நின்றுபோன பெண்ணுக்கு எப்படிப் பசிக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.