வயர்மேனின் கடைவாய்ப் பல்

வயரின் தோலைப் பல்லால் உரிப்பது அந்த வயர்மேனுக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். ஒரு கை ஏணியிலும் மறுகை வயரிலும் இருந்தால் வேறு எதால் உரிப்பது? சொத்தையான கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, குழியைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, பல் டாக்டரம்மா "ரெண்டு மூணு நாள் வலிக்கும், அப்புறம் குறைஞ்சிரும். அந்தப் பக்கம் கடிக்காதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். வலியும் குறைந்தது. ஐந்தாம் நாள் பழக்கதோஷத்தில் ஒரு வயரைக் கடித்தார். உயிர் போய் உயிர் வந்தது.

"என்னத்தண்ணே கடிச்சீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணரை எம்எம் வயரு."

"சோத்த விட அதத்தான் அதிகம் தின்னுருக்காரு" என்றாள் கூட வந்த மனைவி.

டாக்டரம்மா வாய்க்குள் பார்த்தார். "அடைப்பு பேந்துருச்சு, பல்லு தப்பிச்சுது. இனி நிரந்தரமா அடைக்கணும். வெள்ளி அடைப்பு கெட்டிதான், ஆனா குடைஞ்ச பல்லு பொளந்துரும். பல்லு நிறத்துல அடைச்சு மேல கேப் போட்டுரலாம். அதுக்கப்புறமும் வயரக் கடிச்சா புடுங்கத்தான் வேணும்."

மறுபக்கம் மெல்லுவதற்குப் பல்லே இல்லை. "கேப்பே போடுங்க. இதப் புடுங்க விடமாட்டேன்" என்றார் அவர்.

மறுநாள் துண்டை வாய்க்கு மேல் இறுகக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். கை மூன்று முறை வயரை வாய்க்குக் கொண்டுபோய்த் துண்டில் முட்டித் திரும்பியது. நான்காம் முறை, தானாகவே இடுப்பிலிருந்த கட்டரைத் தேடியது.